திரும்பச் சொல்லுங்கள்

கடலோரக் காவல் பணியில் சேர்ந்து எனக்கு அது நான்காவது மாதம். இரவு இரண்டேகால் மணி. கட்டுப்பாட்டு அறையில் விஎச்எஃப் ரேடியோவில் ஆபத்து அழைப்புகள் வரும் சேனல் 16 வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் உயிராபத்து அழைப்பான "மேடே"யை மூன்று முறை சொல்லிவிட்டு, படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்றது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். டிகிரி சொன்னார், நிமிடம் சொன்னார். "ஃபிஃப்டீன்" என்று காதில் விழுந்தது. எழுதினேன், வரைபடத்தில் புள்ளி வைத்தேன், மீட்புப் படகை அனுப்பச் சொல்வதற்கு ஃபோனைக் கையில் எடுத்தேன்.

பின்னால் நின்றிருந்த வாட்ச் ஆபீசர் தோளைத் தொட்டார். "திரும்பச் சொல்லச் சொல்லு. ஒவ்வொரு இலக்கமா."

கேட்டேன். "ஃபைவ், ஜீரோ" என்று பதில் வந்தது.

நான் எழுதியிருந்தது பதினைந்து. அவர் சொன்னது ஐம்பது. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். 35 நிமிடம் தவறினால் கிட்டத்தட்ட 65 கிலோமீட்டர். மீட்புப் படகு முழு வேகத்தில் போய், யாருமே இல்லாத கடலில் விளக்கடித்துத் தேடியிருக்கும். அந்தப் படகில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் கரை வந்தார்கள். எனக்கு மட்டும் விடிந்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. ரேடியோவில் எண்களை ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் மனப்பாடம் செய்து தேர்வும் எழுதியவன்தான் நான். அந்த விதி எதற்காக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

போன மாதம் அண்ணன் மகள் வந்திருந்தாள். பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. நன்றாக நீந்துவாள். "சித்தப்பா, நானும் கோஸ்ட் கார்டுல சேரணும். ஹெலிகாப்டர்லேருந்து கடல்ல குதிக்கிறாங்களே, அந்த வேலை" என்றாள். அவளிடம் சொன்னதையும், அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்கு வர நினைக்கிற வேறு யாருக்காவது பயன்படலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையின் பெரும்பகுதி கேட்பதுதான். குதிப்பவர் குதிக்க வேண்டிய இடத்தை, எங்கோ ஓர் அறையில் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருப்பவர்தான் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். அவர் தவறாகக் கேட்டால், எவ்வளவு தைரியசாலி குதித்தும் பலனில்லை.

கடல் பாதுகாப்பின் வரலாற்றிலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியபோது, அதற்கு அருகில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதில் இருந்தவர் ஒரே ஒரு ரேடியோக்காரர். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, மோதலுக்குச் சற்று முன்புதான் கருவியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போயிருந்தார். அதைவிட வெகு தொலைவில் இருந்த கார்பேத்தியா என்ற கப்பலின் ரேடியோக்காரர் ஹெரால்டு காட்டம் படுக்கப் போகும் நேரத்திலும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் 700-க்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு மீட்கப்பட்டார்கள். 1,500 பேர் அளவில் இறந்தார்கள். கலிஃபோர்னியனில் இருந்தவர்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. ஒரே ஆளை இரவும் பகலும் கேட்க வைக்க முடியும் என்று நினைத்த ஏற்பாட்டின் தவறு அது. 1914-இல் உருவான கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம், பெரிய கப்பல்களில் 24 மணி நேரமும் ரேடியோவை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றது. நான் இரவில் உட்காரும் நாற்காலிக்கு அடித்தளம் அங்கேதான் போடப்பட்டது.

"மேடே" என்ற சொல்லும் காதை மனதில் வைத்துப் பிறந்ததுதான். 1920-களில் லண்டன் கிராய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்தவர் ஃபிரெடெரிக் மாக்ஃபோர்டு. ஆபத்தில் இருப்பவர் எளிதாகச் சொல்லவும், கேட்பவருக்குக் குழப்பமில்லாமல் விளங்கவும் ஒரு சொல் வேண்டியிருந்தது. அங்கிருந்து போகும் விமானங்களில் நிறைய பாரிஸ் பக்கம் போனவை. "எனக்கு உதவுங்கள்" என்பதற்கான பிரெஞ்சுத் தொடரின் ஒலியை அவர் எடுத்துக்கொண்டார். எஸ் என்ற எழுத்தின் ஒலி ரேடியோவில் சரியாகக் கேட்பதில்லை. பழைய ஆபத்துக்குறியான எஸ்ஓஎஸ் தந்திக்குப் பொருந்தியது, குரலுக்குப் பொருந்தவில்லை. உயிராபத்து இல்லாத அவசரத்துக்கு "பான் பான்". காற்று, மிதக்கும் மரம், அணைந்துபோன கலங்கரை விளக்கு போன்ற எச்சரிக்கைகளுக்கு "செக்யூரிட்டே". எதுவானாலும் மூன்று முறை. முதல் தடவை கேட்பவர் திரும்பிப் பார்க்க, இரண்டாவது தடவை பேனாவை எடுக்க, மூன்றாவது தடவை உறுதி செய்துகொள்ள. இது என் விளக்கம்தான், விதிப்புத்தகத்தில் இப்படி எழுதியிருக்காது.

குரல் வந்த பிறகு கேட்க வேண்டியவை சில உண்டு. எங்கே இருக்கிறீர்கள், என்ன ஆபத்து, எத்தனை பேர், எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறார்களா, படகு எப்படி இருக்கும். இடத்தை முதலில் வாங்கிவிட வேண்டும். அடுத்த நொடி பேட்டரி நனைந்து குரல் நின்றுபோனாலும் தேட ஓர் இடமாவது கையில் இருக்கும். எத்தனை பேர் என்பது புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி மறக்கும் கேள்வி. அதைக் கேட்காமல் விட்டால், மூன்று பேரை மீட்டு வந்த பிறகு நான்காவது ஆள் இருந்தாரா இல்லையா என்பதே தெரியாமல் போகும். அலறுகிறவரிடம் நாமும் குரலை உயர்த்தக் கூடாது. நம் குரல் தாழ்ந்தால் அவர் குரலும் மெல்லத் தாழும். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

இடம் தெரிந்தாலும் வேலை அங்கே முடிவதில்லை, ஏனென்றால் கடலில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. நீரோட்டம் இழுக்கும், காற்று தள்ளும். எதை எவ்வளவு தள்ளும் என்பது அதன் உருவத்தைப் பொறுத்தது. லைஃப் ராஃப்ட் எனும் உயிர்காப்பு மிதவை தண்ணீருக்கு மேலே நிறைய எழுந்து நிற்பதால் காற்றோடு ஓடும். லைஃப் ஜாக்கெட்டோடு மிதக்கும் மனிதர் பெரும்பாலும் நீருக்குள் இருப்பதால் நீரோட்டத்தோடு போவார். ஒரே படகிலிருந்து ஒரே நேரத்தில் இறங்கிய இரண்டு பேர், ஒருவர் ராஃப்டிலும் ஒருவர் தண்ணீரிலும் இருந்தால், சில மணி நேரத்தில் வேறு வேறு திசைகளில் போயிருப்பார்கள். அதனால் ஒரே விபத்துக்கு இரண்டு தேடல்களைத் திட்டமிட நேரும்.

நேரம் போகப் போக நமக்குத் தெரியாததும் பெருகும். அவர் இருக்கக்கூடிய வட்டத்தின் ஆரம் 2 கடல் மைலிலிருந்து 8 கடல் மைலாகிவிட்டால், தேட வேண்டிய பரப்பு 16 மடங்கு. தண்ணீருக்கு மேலே தெரியும் மனிதத் தலை தேங்காய் அளவுதான். அலை நுரை வெளுத்துக் கிடக்கும் கடலில், நாலாபுறமும் நுரைக்கு நடுவே அந்தத் தேங்காயைக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் தேடலுக்கு வடிவங்கள் வகுத்திருக்கிறார்கள். இடம் ஓரளவு உறுதியாகத் தெரிந்தால் அதை மையமாக வைத்து விரியும் சதுரமாகவோ, மையத்தையே திரும்பத் திரும்பக் கடந்துபோகும் கூறுகளாகவோ தேடுவார்கள். பரப்பு பெரிதென்றால் உழவுசால்போல இணைகோடுகளில் போவார்கள். கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை, தேடும் பொருளின் அளவும் அன்றைய கடலும் வெளிச்சமும் தீர்மானிக்கும். கணினி இதையெல்லாம் போட்டுத் தருகிறது. ஆனால் அதற்குள் கொடுக்கும் முதல் எண், யாரோ ஒருவர் இரைச்சலுக்குள்ளிருந்து கேட்டு எழுதியதுதான்.

இதற்கிடையே உடல் தன் கணக்கில் போய்க்கொண்டிருக்கும். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் விழுந்தவர்களுக்காகப் பரப்பிய ஒரு சூத்திரம் உண்டு. மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால் பயன்படும் நிலையில் இருப்பது 10 நிமிடம்தான். குளிரால் நினைவு தப்புவதற்கு முன் 1 மணி நேரம். குளிர்நீரில் விழுந்ததும் வாய் தன்னால் திறந்து மூச்சை இழுக்கும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் எவ்வளவு தேர்ந்த நீச்சல்காரரானாலும் கதை முடிந்துவிடும். கடலில் இறந்தவர்கள் எல்லோரும் நெடுநேரம் போராடிக் களைத்து மூழ்கியவர்கள் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். பலர் முதல் சில நிமிடங்களிலேயே போய்விடுகிறார்கள். லைஃப் ஜாக்கெட் அந்த முதல் நிமிடத்தைத் தாண்ட வைக்கிறது. அதற்குப் பிறகுதான் எங்கள் வேலைக்கே இடம் உண்டாகிறது. நெடுநேரம் குளிரில் கிடந்தவரைத் தூக்கும்போது முடிந்தவரை படுத்த நிலையிலேயே தூக்க வேண்டும். நிமிர்த்தித் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, காப்பாற்றிய கையிலேயே உயிர் போய்விடலாம்.

பொய் எச்சரிக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கப்பல்களிலும் படகுகளிலும் இருக்கும் ஆபத்துக்காலக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் நான்கும் பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே சேர்ந்து உருவாக்கிய கோஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாடு அது. 1982 முதல் உயிர்களைக் காத்து வருகிறது. அப்படி வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை தவறுதலாக அழுத்தப்பட்டவை. கருவி உரிமையாளர் பெயரில் பதிவாகியிருந்தால் ஒரே ஃபோனில் விஷயம் தெரிந்துவிடும். பதிவு செய்யாமல் விட்டுவிட்டால் விமானத்தைக் கிளப்பித்தான் பார்க்க வேண்டும். ஒன்பது முறை பொய்யென்று தெரிந்த பிறகும் பத்தாவதை முதலாவதைப் போலவே எடுத்துக்கொள்வதற்கு மனதைப் பழக்க வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான், புயல் இரவுகள்கூட அல்ல.

இல்லை, அதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. தேடலை நிறுத்துவது. நீரின் வெப்பநிலை, கடந்துபோன நேரம், தேடி முடித்த பரப்பு எல்லாவற்றையும் வைத்து, இனி உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று முடிவெடுப்பார்கள். பிறகு யாராவது குடும்பத்தாரிடம் பேச வேண்டும். ஒருமுறை அது என் முறை. ஒரு தாய் என்னிடம், "நீங்க தேடினீங்களா, இல்ல கம்ப்யூட்டர் தேடிச்சா?" என்று கேட்டார். எந்தெந்தப் பகுதியை, எத்தனை முறை, எந்தப் படகும் விமானமும் தேடின என்பதை லாக் என்ற பணிப் பதிவேட்டைப் பார்த்து நேரத்தோடு வரிசையாகச் சொன்னேன். இடையில் பேசாமல் கடைசி வரை கேட்டார். முடிந்ததும், "சரிப்பா" என்று மட்டும் சொன்னார். லாக் எழுதும்போது ஒரு வரியையும் விடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு அவர்தான் காரணம்.

மீட்பு இந்த வேலையின் ஒரு பாதி மட்டுமே. கள்ளக்கடத்தல், அனுமதியில்லாத மீன்பிடிப்பு, எண்ணெய்க் கசிவு, கப்பல் போக்குவரத்துக் கண்காணிப்பு எல்லாம் இதற்குள் வரும். பல நாடுகளில் இந்தப் படைகள் தொடங்கியதே உயிர் காப்பதற்காக அல்ல. அமெரிக்காவில் 1790-இல் சுங்க வரி வசூலுக்காகக் கட்ட அனுமதித்த கப்பல்கள்தான் ஆரம்பம். 1915-இல் உயிர்காப்புச் சேவையோடு இணைந்த பிறகே இன்றைய பெயர் வந்தது. பிரிட்டனில் 1822-இல் தொடங்கியபோதும் முதல் நோக்கம் கடத்தலைத் தடுப்பதுதான். இந்தியக் கடலோரக் காவல்படை 1977-இல் இடைக்கால அமைப்பாகப் பிறந்ததற்கும் கடத்தல் ஒரு முக்கியக் காரணம். கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மூழ்குகிறவர்களையும் பார்க்க நேர்ந்தது. பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சேர்வது எப்படி என்று அண்ணன் மகள் கேட்டபோது, "எந்த மாதிரி கோஸ்ட் கார்டு?" என்றுதான் திருப்பிக் கேட்டேன். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு அமைப்புகள் இருக்கின்றன. இது தெரியாமல் விண்ணப்பிக்கிறவர்கள் நிறைய.

இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அது சீருடைப் படை. இந்தியாவில் அதிகாரியாக வேண்டுமென்றால் பட்டம் பெற்று அசிஸ்டென்ட் கமாண்டன்ட் தேர்வுக்குப் போக வேண்டும். பயிற்சி கேரளாவின் எழிமலை கடற்படை அகாடமியில். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்தவர்கள் நாவிக் எனும் மாலுமிப் பொதுப்பணிக்கும், பொறியியல் டிப்ளமோ முடித்தவர்கள் யாந்திரிக் எனும் தொழில்நுட்பப் பணிக்கும் போகலாம். அவர்களுக்கான தொடக்கப் பயிற்சி ஒடிசாவின் சில்காவில். அமெரிக்காவில் படைவீரர்களுக்கு நியூ ஜெர்சியின் கேப் மேயில் அடிப்படைப் பயிற்சி. அதிகாரியாக விரும்புகிறவர்களுக்கு நியூ லண்டனில் நான்கு ஆண்டு அகாடமி; மற்ற படைகளின் அகாடமிகளில் கேட்கும் நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரை இதற்குத் தேவையில்லை, மதிப்பெண்ணும் தகுதியும் போதும். ஹெலிகாப்டரிலிருந்து குதிப்பவர்கள் அங்கே தனிப் பிரிவு. முதலில் படையில் சேர்ந்து, பிறகு வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் கடும் பயிற்சியைத் தாண்ட வேண்டும். தொடங்குகிறவர்களில் பலர் முடிப்பதில்லை.

கனடாவில் அது ஆயுதமில்லாத குடிமைப் பணி. நோவா ஸ்கோஷியாவின் சிட்னி நகரில் அதற்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. கப்பல் அதிகாரிகளோடு, ரேடியோ கேட்கும் அதிகாரிகளும் அங்கேதான் பயிற்சி பெறுகிறார்கள். ஜப்பானில் குரேவில் அகாடமி. நார்வேயில் கடற்படையின் ஒரு பகுதி. பிரிட்டனின் அமைப்பு இன்னும் வேறு. அங்கே கடலோரக் காவல் தேடலை ஒருங்கிணைக்கும். மீட்புக்குக் கடலில் இறங்கும் படகுகளில் பெரும்பாலானவை 1824 முதல் நன்கொடையில் இயங்கும் ஆர்என்எல்ஐ என்ற தொண்டு நிறுவனத்துடையவை. கரையோரச் சரிவுகளிலும் சேற்றிலும் சிக்கியவர்களை மீட்பவர்கள் தன்னார்வலர்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டே, அழைப்பு வந்ததும் ஓடுகிறவர்கள். இப்படித் தன்னார்வப் பிரிவு இருக்கும் இடத்தில் வாழ்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் அங்கே போய்ப் பாருங்கள் என்பதுதான். மழையில், இருட்டில், யாரும் பார்க்காத இடத்தில் ஒரு வருடம் கயிறு பிடித்துப் பார்த்தால், இது நமக்கான வேலையா என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

வயது வரம்பும் உடல்தகுதி அளவுகளும் அவ்வப்போது மாறும். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அதிகாரபூர்வ அறிவிப்பைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறோம் என்பவர்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள். நிறப்பார்வையை முதலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். இரவில் ஒரு கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதை அதன் சிவப்பு, பச்சை விளக்குகளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் பல வருடம் தயாரான பிறகு மருத்துவச் சோதனையில் மனமுடைந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அப்படியானவர்களுக்கும் சில நாடுகளில் கடலுக்குப் போகாத பணிகள் உண்டு. முன்பே தெரிந்தால் வழியை மாற்றிக்கொள்ளலாம்.

நீச்சலில் வேகத்தைவிட, உடையோடு நெடுநேரம் பதற்றமில்லாமல் மிதக்கப் பழகுங்கள். கடல் வரைபடம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ரேடியோ இயக்குவதற்கான சான்றிதழ் படிப்பு உங்கள் ஊரில் கிடைத்தால் படித்துவிடுங்கள். நேர்முகத் தேர்வில் நூறு வார்த்தை பேசுவதைவிட அது பேசும். நேர்முகத்தில், ஏன் வருகிறாய் என்று கட்டாயம் கேட்பார்கள். சாகசம் பிடிக்கும் என்று பதில் சொன்னவர்களைச் சக ஊழியர்களாகப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் நடக்காத பதினொரு மணி நேரம் அவர்களைத் தின்றுவிடும். நீண்ட இரவில், வராத குரலுக்காக உட்கார்ந்திருக்கச் சம்மதம் இருக்கிறதா என்று தனியே உங்களைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அண்ணன் மகள் முகத்தில் ஹெலிகாப்டர் போகவில்லை. போக வேண்டாம், அந்த ஆசை நல்லதுதான். ஒரு சின்னப் பயிற்சி செய்து பார்க்கலாமா என்றேன். அவளை ஒரு அறையில் காகிதம் பேனாவோடு உட்கார வைத்தேன். நான் இன்னொரு அறைக்குப் போய், குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, வாயைத் துணியால் மூடிக்கொண்டு, ஃபோனில் மேடே சொன்னேன். படகு பெயர், இடம், தண்ணீர் ஏறுகிறது, இரண்டு பேர், ஒருவருக்குக் காயம். இருபது நொடி. ஃபோனை வைத்துவிட்டு வந்து காகிதத்தைப் பார்த்தேன். படகு பெயர் சரி. தண்ணீர் ஏறுவது சரி. இடத்தில் கடைசி இரண்டு இலக்கங்கள் இல்லை. எத்தனை பேர் என்பதை எழுதவே இல்லை.

அவளே அதைக் கண்டுபிடித்தாள். சிறிது நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் திருப்பிப் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தாள்.

"சித்தப்பா, திரும்பச் சொல்லுங்க. ஒவ்வொரு இலக்கமா."